வார்சாவில் முதல் நாள்: யூத இளைஞர் பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் யூத இளைஞர் அமைப்புகள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் இஸ்ரேலுக்கு அழைத்துச் செல்கின்றன. அவற்றில் பல, போகிற வழியில் போலந்தில் சில நாட்கள் தங்குகின்றன. அந்தப் போலந்துப் பகுதி பல குழுக்களுக்கு வார்சாவில் தொடங்கும். விமானம் தரையிறங்கும் காலையிலிருந்து இரவு விடுதியில் வட்டமாக உட்கார்ந்து பேசும் நேரம் வரையிலான அந்த ஒரு நாளை மட்டும் இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. தனியொரு குழுவின் கதையாக இல்லாமல், குழுக்கள் பலவும் சிறு மாற்றங்களோடு பின்பற்றும் நிகழ்ச்சி நிரலாக அதைப் பார்க்கிறேன்.

அடுத்த நாட்களில் இந்தப் பிள்ளைகள், இரண்டாம் உலகப் போரின்போது நாஜி ஜெர்மனி யூதர்களைக் கொன்ற முகாம்களான ட்ரெப்லிங்காவையும் மைதானெக்கையும் அவுஷ்விட்ஸையும் பார்க்கப்போகிறார்கள். அங்கே அழிக்கப்பட்டது என்ன என்பது முதல் நாளிலேயே மனதில் பதியாவிட்டால், பிறகு காண்பதெல்லாம் சாம்பலும் காலணிக் குவியலுமாகவே நின்றுபோகும். இறந்தவர்களுக்கு முகம் இருக்காது. ஆகவே முதல் நாள் வாழ்ந்தவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். வார்சாவின் வழக்கமான நிரலில் அதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது, எங்கே அது நழுவுகிறது என்பதே இங்கே கேள்வி.

பின்னணி

1939இல் போலந்தில் ஏறத்தாழ 33 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். வார்சாவின் மக்கள்தொகையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினர் யூதர்கள். ஐரோப்பாவில் வேறெந்த நகரத்திலும் அவ்வளவு பேர் இல்லை. போர் முடிந்தபோது போலந்து யூதர்களில் சுமார் 30 லட்சம் பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். இன்று பயணம் வரும் பிள்ளைகளில் பலருடைய கொள்ளுத் தாத்தா பாட்டிகள் இந்த நிலப்பகுதியிலிருந்து கப்பலேறியவர்கள். கடவுச்சீட்டுக் கணக்கில் இது வெளிநாடு. குடும்பக் கதைகளின் கணக்கில் அப்படிச் சொல்லிவிட முடியாது.

1967இல் போலந்து இஸ்ரேலுடனான உறவை முறித்துக்கொண்டது; 1990இல்தான் முழு உறவு திரும்பியது. இடையில் பனி உருகத் தொடங்கிய 1988இல் இரண்டு ஏற்பாடுகள் பிறந்தன. இஸ்ரேல் கல்வி அமைச்சகம் உயர்நிலைப் பள்ளி மாணவர் குழுக்களைப் போலந்துக்கு அனுப்பத் தொடங்கியது. அதே ஆண்டில், அவுஷ்விட்ஸிலிருந்து அதன் பகுதியான பிர்கனாவ் முகாம் வரை சுமார் மூன்று கிலோமீட்டர் நடக்கும் ‘வாழ்வோரின் அணிவகுப்பு’ முதன்முறையாக நடந்தது. இன்றைய இளைஞர் பயணங்கள் பெரும்பாலும் இவ்விரண்டின் சாயலில் அமைந்தவை.

தரையிறங்கும் காலை

நியூயார்க்கிலிருந்து வார்சாவுக்கு இரவு முழுவதும் விமானப் பயணம். ஆறு மணி நேர வேறுபாடு. காலை ஒன்பது மணிக்கு ஷோப்பான் விமான நிலையத்தில் இறங்கும் பிள்ளையின் உடலுக்கு அப்போது அதிகாலை மூன்று மணி. விடுதி அறைகள் பிற்பகலில்தான் கிடைக்கும். கிடைத்தாலும் அப்போது படுக்கவிட்டால் அடுத்த மூன்று நாட்களும் தூக்கம் கெடும் என்பது பொறுப்பாளர்களுக்குத் தெரியும். ஆகவே பெட்டிகளைப் பஸ்ஸில் ஏற்றி நேராக வெளியே கிளம்புகிறார்கள்.

காலைத் தொழுகையை முடிக்காதவர்கள் விமான நிலையத்தின் ஒரு மூலையிலோ பஸ்ஸுக்குப் பக்கத்திலோ நின்று தொழுகிறார்கள். கோஷர் என்னும் யூத உணவு முறைப்படி தயாரித்த உணவை முன்கூட்டியே சொல்லிப் பொட்டலமாக வரவழைத்திருப்பார்கள். இவையெல்லாம் சில்லறை விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் பசித்த, உறங்காத நாற்பது பிள்ளைகளுக்கு எந்த வரலாறும் காதில் ஏறாது. உணவுப் பொட்டலம் ஒரு மணி நேரம் தாமதமானால் அன்றைய நாளின் பாதி போயிற்று.

முதல் நிறுத்தம், பல குழுக்களுக்கு, ஒகோபோவா தெருவில் உள்ள யூதக் கல்லறைத் தோட்டம்.

ஒகோபோவா தெரு

வந்ததும் வராததுமாகப் பிள்ளைகளைக் கல்லறைக்கா கூட்டிப்போவது என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நாளிலேயே மிகச் சரியான முடிவு இது என்பேன். ஏனென்றால், இங்கே கிடப்பவர்களில் பெரும்பாலோர் கொலையுண்டவர்கள் அல்லர். வயதாகி, நோய்ப்பட்டு, பிரசவத்தில், கடன் தொல்லையில், புகழின் உச்சியில் என்று மனிதர்கள் வழக்கமாக இறக்கும் எல்லா விதங்களிலும் இறந்தவர்கள். பெயரோடும் தேதியோடும் உற்றார் அழுதபடி நிற்கப் புதைக்கப்பட்டவர்கள். ட்ரெப்லிங்காவில் கொல்லப்பட்ட யாருக்கும் கிடைக்காதது அது. அந்த வேறுபாட்டை முதல் நாள் கண்ணால் பார்த்த பிள்ளைக்குத்தான் இரண்டாம் நாள் ட்ரெப்லிங்காவின் வெறுமை புரியும்.

1806இல் தொடங்கிய இந்தத் தோட்டம் 33 ஹெக்டேர் பரப்புள்ளது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். உயர்ந்த மரங்களும் படர்கொடிகளும் கற்களை மூடிக்கொண்டிருக்க, பாதைகளைத் தவிர மற்றதெல்லாம் காடுபோல இருக்கிறது. சனிக்கிழமை திறப்பதில்லை. இன்றும் இங்கே அடக்கம் நடக்கிறது.

நல்ல வழிகாட்டி வாசலைத் தாண்டியதும் சொற்பொழிவைத் தொடங்குவதில்லை. கற்களைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். ஆசி வழங்கும் பாவனையில் விரிந்த இரு கைகள் செதுக்கியிருந்தால், கீழே இருப்பவர் ஆரோன் வழி வந்த ஆசாரியர் குலத்தவர். நீர்க்குடம் என்றால் லேவியர். மெழுகுவர்த்தி பெண்ணுக்கு. புத்தக வரிசை கற்றவருக்கு. காசு போடும் கை தருமவானுக்கு. ஒடிந்த மரம் இளம் வயதில் போனவருக்கு. கல்வெட்டுகள் எபிரேயத்தில், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷில், போலிஷில், ரஷ்யத்தில், ஜெர்மனில். பதினைந்து நிமிடத்தில் பிள்ளைகள் தாங்களே கல்லுக்குக் கல் தாவிப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். தூக்கக் கலக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

பிறகு மனிதர்கள் வருகிறார்கள். எஸ்பெராண்டோ மொழியை உருவாக்கிய கண் மருத்துவர் ஸாமென்ஹோஃப் இங்கே இருக்கிறார். உலகத்தார் எல்லாரும் ஒரு பொது மொழி பேசினால் பகை குறையும் என்று நம்பி 1887இல் தம் முதல் நூலை வார்சாவில் வெளியிட்டவர். 1917இல் இறந்தார். மகள் லீடியா 1942இல் ட்ரெப்லிங்காவில் கொல்லப்பட்டார். இந்த இரண்டு வரியையும் அடுத்தடுத்துச் சொல்லி நிறுத்திவிட்டால் போதும்.

சற்றுத் தள்ளி இத்திஷ் எழுத்தாளர் பெரெட்ஸின் நினைவு மண்டபம். 1915இல் அவர் இறந்தபோது இறுதி ஊர்வலத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் நடந்தார்கள். ஒரு கதாசிரியருக்காகத் தெருவில் இறங்கிய லட்சம் பேர்! இந்த நகரத்தில் யூத வாழ்வு எப்படி இருந்தது என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? எழுத்தாளர்கள் தீனெசோனும் ஆன்ஸ்கியும் அதே மண்டபத்தில் அவருக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

யூதர்களை ஜெர்மானியர்கள் மதிலுக்குள் அடைத்துவைத்த பகுதியான கெட்டோவின் காலம் அதன் பிறகே வருகிறது. 1940 நவம்பரில் கெட்டோவின் வாயில்கள் மூடப்பட்டன, சுமார் 3.4 சதுர கிலோமீட்டரில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர், அறைக்குச் சராசரியாக ஏழு பேர். 1942 கோடைக்குள் பசியாலும் நோயாலும் மட்டும் சுமார் 83,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினரை இங்கே பெரும் குழிகளில் புதைத்தார்கள். தோட்டத்தின் நடுவே கற்கள் திடீரென்று நின்றுபோய், மரங்களுக்கிடையே வெற்று நிலம் மட்டும் கிடக்கும் இடம் அது. காலை முழுவதும் பெயர்களைப் படித்துவந்த பிள்ளைகளுக்கு அங்கே படிக்க எதுவும் இல்லை. வழிகாட்டி எதுவும் விளக்க வேண்டியதில்லை. விளக்காமல் இருப்பதே மேல்.

ஒரு நடைமுறைச் சிக்கல் இந்த இடத்தில் உண்டு. ஆசாரியர் குலத்தில் பிறந்த ஆண்கள், நெருங்கிய உறவினர் சாவைத் தவிர, கல்லறைத் தோட்டத்துக்குள் போகக்கூடாது என்பது யூத மரபு. அதைக் கடைப்பிடிக்கும் பையன்கள் குழுவுக்கு இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். முன்யோசனை இல்லாத குழுக்களில் இவர்கள் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் தூங்குகிறார்கள். பயணத்தின் முதல் நிகழ்ச்சியே அவர்களுக்கு இல்லாமல் போகிறது. யோசித்த குழுக்கள் இவர்களோடு தனி வழிகாட்டி ஒருவரை அனுப்பி, கெட்டோ மதிலின் எஞ்சிய துண்டுகளைப் பார்க்க அழைத்துச் செல்கின்றன. மதிய உணவின்போது இரு பிரிவினரும் தாம் கண்டதை மற்றவருக்குச் சொல்கிறார்கள். இரண்டாவது வழிக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு வழிகாட்டியின் அரை நாள் கூலிதான்.

வெளியேறும்போது கை கழுவும் மரபு. கல்லறைகளின் மேல் பூவுக்குப் பதில் கூழாங்கல் வைத்துவிட்டு வருகிறார்கள்.

பால் கேன்

பிற்பகலில் பல குழுக்கள் யூத வரலாற்று நிறுவனத்துக்குப் போவதில்லை. நேரம் இல்லை என்பார்கள். நான் திட்டமிட்டால் வேறு எதையாவது விட்டுவிட்டு இதைச் சேர்ப்பேன்.

கெட்டோவுக்குள் இம்மானுவேல் ரிங்கல்புளூம் என்ற வரலாற்றாசிரியர் ஒரு ரகசியக் குழுவைக் கூட்டினார். சனிக்கிழமைகளில் கூடியதால் ‘ஓய்வுநாள் மகிழ்ச்சி’ என்று பொருள்படும் ‘ஓனெக் ஷபாத்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். நாட்குறிப்புகள், ரேஷன் அட்டைகள், டிராம் டிக்கெட்டுகள், மிட்டாய் உறைகள், பள்ளிக் கட்டுரைகள், சுவரொட்டிகள் என்று எல்லாவற்றையும் சேர்த்தார்கள். தங்களைப் பற்றிக் கொலைகாரர்கள் மட்டுமே எழுதிவைத்துவிடக் கூடாது என்பதற்காக. 1942 ஆகஸ்டில் தகரப் பெட்டிகளிலும் 1943இல் பெரிய பால் கேன்களிலும் வைத்துப் புதைத்தார்கள். பெட்டிகள் 1946இலும் இரண்டு கேன்கள் 1950இலும் தோண்டி எடுக்கப்பட்டன. குழுவில் இருந்த சுமார் அறுபது பேரில் உயிர் பிழைத்தவர்கள் மூவர்.

நோவோலிப்கி தெருவில் ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு அடியில் அந்தப் பெட்டிகளைப் புதைத்தவர்கள் ஓர் ஆசிரியரும் அவருடைய மாணவர்கள் இருவரும். மாணவர்களுக்கு வயது 18, 19. கெட்டோ யூதர்களைப் பிடித்து ட்ரெப்லிங்காவுக்கு அனுப்பும் நாடுகடத்தல் தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்த நாட்களில் அவர்கள் தங்கள் கடைசிக் குறிப்பையும் எழுதி உள்ளே வைத்தார்கள். பத்தொன்பது வயது தாவித் கிராபர், உலகத்துக்கு உரக்கக் கத்திச் சொல்ல முடியாததை மண்ணில் புதைத்துவைத்தோம் என்ற பொருள்பட எழுதினார். பின்னர் புதைத்த பால் கேன்களில் ஒன்றை நிறுவனத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள், துருவேறி. பயணம் வந்திருக்கும் பிள்ளைகளைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர்கள், பெட்டிகளைப் புதைத்த அந்த மாணவர்கள். நினைவுச்சின்னம் எதுவும் இந்த வயதுக்காரர்களோடு இவ்வளவு நேராகப் பேசுவதில்லை.

முரானூவ் நடை

கெட்டோ இருந்த முரானூவ் பகுதியில் பார்ப்பதற்குப் பழையது எதுவும் இல்லை என்பதே பார்க்க வேண்டியது. 1943இல் கெட்டோ யூதர்கள் ஆயுதமேந்தி நடத்திய எழுச்சியை அடக்கிய பிறகு ஜெர்மானியர்கள் தெருத்தெருவாக இடித்துத் தள்ளினார்கள். அவ்வளவு இடிபாட்டை அள்ளி அகற்ற முடியாததால், போருக்குப் பின் அதன் மேலேயே குடியிருப்புகளைக் கட்டினார்கள். பல கட்டடங்களுக்குத் தெருவிலிருந்து படியேறிப் போக வேண்டும். அந்தப் படிகளுக்கு அடியில் கெட்டோ கிடக்கிறது. பெரும்பாலான குழுக்கள் நினைவுச்சின்னத்தை நோக்கி விரைவதால் இந்தப் படிகளைக் கவனிக்காமலே கடந்துவிடுகின்றன.

1948இல் எழுப்பிய, சிற்பி நதான் ராபொபோர்ட்டின் கெட்டோ எழுச்சி நினைவுச்சின்னத்தில் ஒரு பக்கம் போராளிகள், மறு பக்கம் குனிந்த தலையோடு நடக்கும் முதியவர்களும் தாய்மார்களும். 1970இல் மேற்கு ஜெர்மன் பிரதமர் வில்லி பிராண்ட் முழங்காலிட்டது இங்கேதான். சிறிது தொலைவில் மிலா தெரு 18இன் மேடு. 1943 மே 8 அன்று போராளிகள் மடிந்த பதுங்குகுழியின் இடம். வடக்கே ஸ்தாவ்கி தெருவில் உம்ஷ்லாக்பிளாட்ஸ். 1942 ஜூலை 22 முதல் இரண்டு மாதங்களில் சுமார் 2,65,000 பேரை ரயிலேற்றி ட்ரெப்லிங்காவுக்கு அனுப்பிய இடம். அதன் சுவரில் நானூற்றுக்கும் மேற்பட்ட முதற்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

இளைஞர் அமைப்பு ஒன்று இந்த நடையை நடக்கும்போது தவறாமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. எழுச்சியை நடத்தியவர்கள் பெரும்பாலும் இளைஞர் இயக்கத்தினர். ஹஷோமேர் ஹட்ஸாயிர், த்ரோர் முதலிய இயக்கங்களின் உறுப்பினர்கள் 1942 ஜூலை 28 அன்று, நாடுகடத்தலின் நடுவே, போராளி அமைப்பைத் தொடங்கினார்கள். தளபதி மொர்தெகாய் ஆனியெலெவிச்சுக்குச் சாகும்போது வயது 24. முகாம், பாட்டு, வாசிப்பு வட்டம், மூத்தவர் இளையவரைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் என்று இந்தப் பிள்ளைகள் தங்கள் அமைப்பில் செய்வதையே அவர்களும் செய்து வளர்ந்தவர்கள். அப்படிச் செய்து பழகியதால்தான் பெற்றோரும் தலைவர்களும் இல்லாமல் போன நாட்களில் அவர்களால் ஒருவரையொருவர் நம்ப முடிந்தது.

எங்கே நழுவுகிறது

போலந்திலிருந்து நேராக இஸ்ரேலுக்குப் பறக்கும் பயணத்தில் ஒரு கதை தானாகவே உருவாகிவிடுகிறது: இங்கே சாவு, அங்கே வாழ்வு. யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் வேண்டும் என்ற சியோனிஸ இயக்கங்களிலிருந்து வந்த சிவியா லுபெட்கினும் இட்ஸாக் சுக்கர்மானும் பிழைத்து இஸ்ரேல் சென்று, 1949இல் கெட்டோப் போராளிகளின் கிப்புட்ஸை, அதாவது கூட்டுப் பண்ணைக் குடியிருப்பை, நிறுவினார்கள். இது அந்தக் கதையில் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் எழுச்சியின் தளபதிகளில் ஒருவரான மாரெக் எடெல்மான் பண்ட் கட்சிக்காரர். யூதர் வாழும் இடத்திலேயே உரிமையோடு வாழ வேண்டும் என்ற சோஷலிஸக் கட்சி அது. போருக்குப் பின் அவர் போலந்திலேயே தங்கி, வூட்ஜ் நகரில் இதய மருத்துவராகப் பணியாற்றி, 2009இல் இறந்தார். காலையில் பார்த்த ஒகோபோவா தோட்டத்தில்தான் அவரும் இருக்கிறார். எழுச்சி தொடங்கிய நாளான ஏப்ரல் 19 அன்று ஆண்டுதோறும் நினைவுச்சின்னத்தில் அவர் மஞ்சள் டாஃபடில் பூக்களை வைப்பார். அதன் நினைவாக 2013 முதல் வார்சாவில் அந்த நாளில் தன்னார்வலர்கள் காகிதப் பூக்களை வழங்குகிறார்கள். மஞ்சள் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு நடப்பவர்களில் பெரும்பாலோர் யூதரல்லாத போலந்துக்காரர்கள். எடெல்மானைத் தாண்டிப் போகும் குழு வசதிக்காக வரலாற்றைச் சுருக்குகிறது. பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு விடைகளையும் தாங்கும் வலு உண்டு.

இரண்டாவது குறை, போலந்துக்காரர்களைச் சந்திக்காமலே போலந்தைக் கடப்பது. இஸ்ரேலிய மாணவர் குழுக்களோடு ஆயுதம் தாங்கிய காவலர்கள் செல்வது வழக்கம். காவலர், பாடப்பொருள் இரண்டையும் பற்றி இரு அரசுகளுக்கும் எழுந்த பிணக்கில் 2022இல் அந்தப் பயணங்கள் நின்றுபோயின. 2023 மார்ச்சில்தான் உடன்பாடு ஏற்பட்டது. மேற்கத்திய இளைஞர் குழுக்களுக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. இருந்தும் பஸ், கல்லறை, சின்னம், விடுதி என்று மூடிய வட்டத்துக்குள்ளேயே நாளை முடித்துக்கொள்கின்றன.

மூன்றாவதை மெல்லச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சிலர் அழுவார்கள். சிலருக்கு எதுவும் தோன்றாது. நண்பர்கள் அழும்போது தாம் மட்டும் அழவில்லையே என்று குற்றவுணர்வு கொள்வார்கள். பஸ்ஸில் ஏறியதும் கூட்டமாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அதட்டும் பொறுப்பாளர்கள் உண்டு. அது தவறு. இரவெல்லாம் விழித்த உடல், நாளெல்லாம் சாவைக் கேட்ட மனம். சிரிப்பு வரத்தான் செய்யும். முதல் இரவுக் கூடலில், அழாததும் சிரித்ததும் குறையல்ல என்பதை மூத்த பொறுப்பாளர் முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவார்கள்.

மாற்றி அமைத்தால்

போலின் அருங்காட்சியகத்தை முதல் நாளில் சேர்க்க மாட்டேன். ஆயிரம் ஆண்டு யூத வாழ்வைச் சொல்லும் 2014ஆம் ஆண்டின் நிரந்தரக் காட்சி அற்புதமானது. க்வோஜ்ஜியெட்ஸ் ஜெப ஆலயத்தின் வண்ணக் கூரையைப் பழைய முறைப்படி மரத்தில் செய்து தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும். ஆனால் மங்கிய ஒளியில், குளிரூட்டிய நிலவறைக் கூடத்தில், தூங்காத பிள்ளைகள் சுவரில் சாய்ந்து உறங்கிவிடுவார்கள். அது மறுநாள் காலைக்கு உரியது. ட்ரெப்லிங்காப் பயணம் அரை நாள் தள்ளிப்போனால் நட்டமில்லை. நினைவுச்சின்னம் அருங்காட்சியகத்துக்கு எதிரிலேயே இருப்பதால் அதையும் அப்போதே பார்க்கலாம்.

அப்படி மிச்சமாகும் மாலை நேரத்தில் குழுவை த்வார்தா தெருவிலுள்ள நோஜிக் ஜெப ஆலயத்துக்கு அழைத்துப் போகலாம். 1902இல் திறந்தது, போருக்கு முந்தைய வார்சா ஜெப ஆலயங்களில் இன்றும் தொழுகை நடப்பது இது ஒன்றே. ஜெர்மானியர்கள் அதைக் குதிரை லாயமாக்கினார்கள். இன்று வார்சா யூதர்கள் அங்கே தொழுகிறார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்து, அடையாள அட்டைகளோடு போய், மாலைத் தொழுகையில் அவர்களோடு நிற்கலாம். தொழுகை முடிந்து வெளியே வரும்போது உள்ளூர்க்காரர் யாராவது எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, பாட்டனார் எங்கிருந்து போனார் என்று விசாரிப்பார். பத்து நிமிடப் பேச்சுதான். அதற்கு நிரலில் அரை மணி நேரம் ஒதுக்கி, பஸ் ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். ஐரோப்பியச் சட்டப்படி அவருடைய வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு. பெரும்பாலான குழுக்களில் இந்த அரை மணி நேரம் வெட்டுப்படுவது அந்தக் கணக்கை யாரும் காலையிலேயே பார்க்காததால்தான்.